ஏலத்தில் பொருளின் சொந்தக்காரரே விலை கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் வசிக்கிறேன். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களின் ஏலத்தில் ஒரு ‘மிஸ் பேக்-மேன்’ இயந்திரத்துக்கு விலை கேட்டேன். 700 டாலர் வரை நான்கைந்து பேர் கேட்டார்கள். அதற்குமேல் நானும் இன்னொருவரும் மட்டுமே போட்டி போட்டு, 1,250 டாலருக்கு எனக்கு முடிந்தது. பணம் கட்டும்போதுதான் அந்த இன்னொருவரே இயந்திரத்தின் சொந்தக்காரர் என்று தெரிந்தது. “இங்கே இது வழக்கம்தான்” என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். வழக்கம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. ஆனால் முதலில், எண் அட்டை வாங்கியபோது நீங்கள் கையெழுத்திட்ட விதிமுறைத் தாளை எடுத்துப் படியுங்கள். ‘விற்பவரும் ஏலம் கேட்கலாம்’ என்று அதில் இருக்கிறதா? ஏலம் தொடங்குமுன் அப்படி அறிவித்தார்களா? அறிவித்திருந்தால் சட்டப்படி உங்களுக்கு வழியில்லை. 1,250 டாலர்தான் விலை.

அறிவிக்கவில்லை என்றால் நிலைமை வேறு. யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத் தொகுப்பில், லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட 2-328ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் விற்பவர் தானே கேட்டாலோ, ஆள் வைத்துக் கேட்டாலோ, வாங்கியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. விற்பனையையே ரத்து செய்யலாம். அல்லது கடைசியாக நேர்மையாகக் கேட்கப்பட்ட விலைக்குப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் விருப்பம், அவர்களுடையது அல்ல. நீங்கள் சொல்லும் கணக்குப்படி, 700 டாலரை ஒட்டிய விலையைக் கோர உங்களுக்கு நல்ல முகாந்திரம் இருக்கிறது.

ஏல நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வரும்வரை இயந்திரத்தைப் பழுதுபார்க்கவோ விற்கவோ வேண்டாம். ஓஹியோவில் ஏலம் விடுபவர்களுக்கு உரிமம் கொடுப்பது மாநில வேளாண்மைத் துறை. கால்நடை ஏலத்துக்கு மட்டுமல்ல, உங்கள் ஏலத்துக்கும் புகாரை அங்கே அனுப்பலாம். 6,000 டாலர் வரையிலான வழக்குகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

அறிவித்துவிட்டுச் செய்தாலும் இந்தப் பழக்கம் தவறு என்பதே என் கருத்து. இந்த இயந்திரங்களுக்கு நிலையான விலை கிடையாது. ஒரே ஆண்டில் வந்த இரண்டு ‘மிஸ் பேக்-மேன்’ இயந்திரங்கள் அருகருகே நிற்கும். ஒன்றில் அசல் மின்சுற்றுப் பலகை இருக்கும். இன்னொன்றில் அதைக் கழற்றிவிட்டு அறுபது விளையாட்டுகள் அடங்கிய மலிவான பலகையைப் பொருத்தியிருப்பார்கள். இயந்திரத்தை அணைத்த பிறகும் திரைக் கண்ணாடியில் ஆட்டத்தின் சுவர்களுடைய தடம் அப்படியே படிந்து தெரியும் என்றால், அந்தப் படக்குழாய் ஆண்டுக்கணக்கில் அதே ஆட்டத்தைக் காட்டித் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அனுபவம் குறைந்தவருக்கு இதெல்லாம் எடுத்த எடுப்பில் தெரியாது. ‘விவரம் தெரிந்த இன்னொருவரும் இந்த விலை தரத் தயாராக இருக்கிறார்’ என்ற நம்பிக்கையில்தான் அவர் கையை உயர்த்துகிறார். அந்த இன்னொருவர் சொந்தக்காரராக இருந்தால், நம்பிக்கையே ஏமாற்றாகிவிடுகிறது.

விற்பவருக்கு இதில் இழப்பும் குறைவு. தவறித் தன் தலையிலேயே விழுந்தால் ஒரு சிறு மீட்புக் கட்டணம் கட்டி இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகலாம். நீங்களோ ஏறிய விலைக்கும், அந்த விலையின் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கமிஷனுக்கும், வரிக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். கமிஷன் 10 சதவீதம் என்றால், கூடிய 550 டாலருக்கு அது மட்டுமே 55 டாலர்.

அடிமாட்டு விலைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் விற்பவருக்கு இருப்பது நியாயம்தான். அதற்குத்தான் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்பதில்லை என்று முன்பே குறிக்கும் விலை, இருக்கிறது. ‘ரிசர்வ் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும்வரை பொருளைத் திரும்பப் பெறும் உரிமையை அதே 2-328ஆம் பிரிவே அவருக்குத் தருகிறது. நேர்வழி திறந்திருக்கும்போது கூட்டத்துக்குள் நின்று கை உயர்த்த வேண்டிய தேவை என்ன?

கேள்வி: என்னிடம் உள்ள பின்பால் இயந்திரத்தை ஏலத்துக்குக் கொடுக்கப் போகிறேன். ரிசர்வ் விலை வைத்தால் ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்கிறார் நண்பர். என்ன செய்வது?

பதில்: சிலர் ஒதுங்கத்தான் செய்வார்கள், குறிப்பாக மலிவாகக் கிடைக்குமென்று வந்தவர்கள். அதற்காக ரிசர்வை விட்டுவிட வேண்டாம், குறைவாக வையுங்கள். நீங்கள் ஆசைப்படும் விலையை அல்ல, அதற்குக் கீழே போனால் வீட்டுக்கே தூக்கி வந்துவிடுவேன் என்ற விலையை எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் இருக்கிறது என்பதை ஏலத்துக்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். விற்காமல் போனால் என்ன கட்டணம் என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள். இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, மின் இணைப்புக் கொடுத்து, வருபவர்கள் ஒரு பந்தாவது ஆடிப் பார்க்கும்படி வையுங்கள்.