வாசகர் கேள்வி–பதில்: தடைபட்ட பருவமும் பட்டத்தின் மதிப்பும்

கேள்வி: 2019–20 பருவத்தில் லிவர்பூல் வென்ற இங்கிலிஷ் பிரிமியர் லீக் காற்பந்துப் பட்டத்தை ‘கொவிட் கிண்ணம்’ என்று என் மகனின் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். மூன்று மாதம் நின்றுபோன போட்டியில் கிடைத்ததை முழு வெற்றி என்று சொல்லலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆர்சனல் பயிற்றுவிப்பாளர் மிக்கெல் ஆர்டெட்டாவுக்குத் தொற்று உறுதியானதை அடுத்து, 2020 மார்ச் 13ஆம் தேதி ஆட்டங்கள் நிறுத்தப்பட்டபோது, லிவர்பூல் 29 ஆட்டங்களில் 27ஐ வென்று, இரண்டாம் இடத்திலிருந்த மான்செஸ்டர் சிட்டியைவிட 25 புள்ளிகள் முன்னால் இருந்தது. ஜூன் 17ஆம் தேதி ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கிய போட்டியில் எஞ்சியிருந்த 92 ஆட்டங்களும் ஒன்றுவிடாமல் ஆடி முடிக்கப்பட்டன. ஜூன் 25ஆம் தேதி செல்சியிடம் சிட்டி தோற்றபோது பட்டம் உறுதியானது. சிங்கப்பூரில் அது வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஐந்து பேருக்கு மேல் ஒன்றுகூட அனுமதி இல்லாத அந்த நாள்களில், 30 ஆண்டு காத்திருந்த ரசிகர்கள் பலர் அண்டைவீட்டார் விழித்துவிடாமல் வரவேற்பறையிலேயே மகிழ்ச்சியை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முடிவில் லிவர்பூல் பெற்றவை 99 புள்ளிகள். இதில் குறை காண எதுவும் இல்லை.

தொற்றின் அடி விழுந்தது பட்டியலின் உச்சியில் அல்ல, அடியில்தான். ஆட்டக்காரர்கள் பலரின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது; பருவமோ ஜூலை 26 வரை நீண்டுவிட்டது. போர்ன்மத் கழகத்தின் ரயன் ஃபிரேசர், காயமடைந்தால் தம் எதிர்காலம் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில், குறுகிய கால நீட்டிப்புக்கு உடன்படாமல் விலகினார். ஒரே ஒரு புள்ளி போதாமல் அந்தக் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிரான்சில் நிலைமை இதைவிடக் கொடுமையானது. அங்கு ஏப்ரல் இறுதியில் பருவமே முடித்துவைக்கப்பட்டதால், 10 ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே அமியான், துலூஸ் ஆகிய இரு கழகங்களும் இறக்கப்பட்டன. துலூஸ் வெகுவாகப் பின்தங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அமியானுக்கு மீண்டெழ வாய்ப்பிருந்தது. அது திடலில் தோற்று இறங்கவில்லை. அனுதாபத்துக்கு உரியவர்கள் அவர்களே.

கேள்வி: ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் விதி அப்போதுதான் வந்ததா? (வாசகி, பிடோக்)

பதில்: ஆம், 2020 மே மாதம் தற்காலிக ஏற்பாடாக வந்தது. நீண்ட ஓய்வுக்குப் பின் அடுத்தடுத்து ஆடுபவர்களின் உடல்நலத்தைக் காப்பதே நோக்கம்; பின்னர் அது நிரந்தர விதியாகிவிட்டது. வலுவான மாற்று வரிசை வைத்திருக்கும் பணக்காரக் கழகங்களுக்கு இதனால் கூடுதல் ஆதாயம் என்பது என் கருத்து.

கேள்வி: வெளிநாட்டுக் கதையை எல்லாரும் பேசுகிறார்கள். நம் சிங்கப்பூர் பிரிமியர் லீக் அந்த ஆண்டு என்ன ஆனது? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: இப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதே என் வருத்தம். 2020 மார்ச் 24ஆம் தேதி நம் லீக் நிறுத்தப்பட்டது. கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை எனும் நாடு தழுவிய முடக்கநிலை ஜூன் 1ஆம் தேதி முடிவுக்கு வந்த பிறகும் திடல்கள் உடனே திறக்கவில்லை. அக்டோபர் 17ஆம் தேதிதான் பந்து மீண்டும் உருண்டது. பெரிய முதலீட்டுடன் ஹோம் யுனைடெட் கழகம் லயன் சிட்டி செய்லர்ஸ் எனப் புதுப்பெயர் பூண்ட சில வாரங்களிலேயே வந்த முடக்கம் இது. பிறகு ஏழே வாரங்களில், எட்டு அணிகளும் தலா 14 ஆட்டங்கள் என்ற கணக்கில் பருவத்தை முடித்தன. டிசம்பர் 5ஆம் தேதி அல்பிரெக்ஸ் நீகாட்டா பட்டம் வென்றது. தெம்பனிஸ் ரோவர்ஸ் இரண்டாம் இடம்.

சுருங்கிய பருவம் என்பதற்காக அல்பிரெக்சின் உழைப்பு சிறியதாகிவிடாது. எல்லா அணிகளுக்கும் ஒரே விதிதானே? ஆனால் 21, 22 வயதில், தேசிய அணியில் இடம்பிடிக்கத் துடிக்கும் ஓர் ஆட்டக்காரர் ஏறக்குறைய ஏழு மாதம் போட்டியில்லாமல் கழித்ததை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது. சிங்கப்பூர்க் காற்பந்துக்கு நேர்ந்த உண்மையான இழப்பு அதுவே என்று கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் வெற்றியாளரான புருணை டிபிஎம்எம் கழகம், எல்லைகள் மூடப்பட்டதால் பருவத்திலிருந்தே விலக நேர்ந்தது. பட்டத்தைத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை. நம் லீக்கிற்கு அது திரும்பி வந்தது 2023ஆம் ஆண்டில்தான்.