செப்டம்பர் முடியட்டும்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு ஆடிட் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்புக்கான பயிற்சி), இரண்டாம் வருடம். ஆகஸ்ட்டிலிருந்து வீடு போய்ச் சேர தினமும் பதினொன்று ஆகிறது. போன வாரம் ஒரு பனியன் கம்பெனி டேக்ஸ் ஆடிட்டில், ஜாப்வொர்க் பார்ட்டி (கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்) ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போது டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்க வேண்டிய வரி, பிடிக்காததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சீனியர் எல்லோர் முன்னாலும் "சிஏ இன்டர் எப்படிம்மா பாஸ் பண்ணினே?" என்றார். இப்போது ஒவ்வொரு வவுச்சரையும் மூன்று முறை பார்க்கிறேன், அப்படியும் பயம் போகவில்லை. நான் இதற்கு லாயக்கில்லையோ? விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடுவதா வேண்டாமா என்பதை, டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வழக்கமான கெடுவான செப்டம்பர் 30 தாண்டிய பிறகு யோசியுங்கள். இத்தனை நாள் சரியான தூக்கமில்லாத ஒருவர் தன் திறமையைப் பற்றிச் சொல்லும் எதையும் நான் நம்பமாட்டேன்.

சரி, அந்தத் தவறைப் பார்ப்போம். பில் ஒவ்வொன்றும் 30,000 ரூபாய்க்குள் இருந்திருக்கும், வருடம் முழுக்கக் கூட்டினால் 1 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வருட மொத்தம் அதைத் தாண்டினாலும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஜாப்வொர்க் டிடிஎஸ்ஸில் புதிதாக வருபவர்கள் சறுக்குகிற இடம் அதுதான். பில் பில்லாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, லெட்ஜரைப் பார்ட்டிவாரியாக எடுத்து வருட மொத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். நீங்களோ வவுச்சரை மூன்று முறை பார்க்கிறீர்கள். முப்பது முறை பார்த்தாலும் இந்தத் தவறு சிக்காது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போவீர்கள், மறுநாள் இன்னும் களைப்பாக உட்கார்ந்து வேறெதையாவது விடுவீர்கள், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள். உங்களை இப்போது அதிகம் களைக்க வைப்பது இந்தப் பயம்தான்.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதும் அதற்கான அடையாள எண்ணை (யுடிஐஎன்) எடுப்பதும் உங்களுக்குப் பயிற்சி தரும் சிஏ, அதாவது உங்கள் பிரின்சிபல். பொறுப்பு அவருடையது. கற்றுக்கொள்பவர் செய்த வேலையை இன்னொருவர் பார்ப்பார் என்பதால்தான் உங்களை அந்த ஃபைலில் உட்கார வைக்கிறார்கள். அது ரிவ்யூவில் பிடிபட்டதில் அவமானம் எதுவும் இல்லை. சீனியர் அப்படிக் கேட்டது தப்பு. அவருக்கும் தூக்கமில்லாமல் இருக்கலாம், அதனால் அது சரியாகிவிடாது. ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லெட்ஜரைக் காட்டியிருந்தால் போதும்.

ரிவ்யூவில் வரும் பாயிண்ட்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த ஆடிட் தொடங்கும்போது முதலில் அதைப் படியுங்கள். அதே பாயிண்ட் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கவலைப்படலாம்.

ஆனால் உடம்பு விஷயத்தில் கெடு தேதி பார்க்காதீர்கள். 2024 ஜூலையில் புனேயில் 26 வயது சிஏ ஒருவர், வேலைக்குச் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்துபோனார். வேலைச்சுமை பற்றி அவர் அம்மா எழுதிய கடிதத்தை நாடே படித்தது. நெஞ்சு படபடப்பு, ஞாயிற்றுக்கிழமைகூடத் தூக்கம் வராதது, சாப்பாடு இறங்காதது, காரணமில்லாமல் அழுகை, இதில் எது இருந்தாலும் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள், லீவு எடுங்கள். ஃபைலை இன்னொருவர் முடிப்பார்.

அப்புறம் நவம்பரைக் கவனியுங்கள். டேக்ஸ் ஆடிட் கெடு முடிந்த பிறகும் தினமும் பதினொன்று ஆகிறதென்றால் கோளாறு அந்த ஆபீஸில் இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஷிப் டிரான்ஸ்ஃபர் லேசில் கிடைக்காது, அதனால் என்னென்ன காரணங்களுக்குக் கிடைக்கும் என்று இப்போதே சிஏ இன்ஸ்டிடியூட்டின் திருப்பூர் கிளையில் கேட்டு வையுங்கள். அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.