லேக் லூயிஸை மேலிருந்து பார்க்க ஒரு நாள்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். செப்டம்பர் மூன்றாம் வாரம் கல்கரிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வாடகை வேனில் கான்மோர் சென்று நான்கு இரவு தங்குகிறோம். நான், மனைவி, 13 வயது மகன், 8 வயது மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் கூடவே வருகிறார்கள். அப்பா நன்றாக நடப்பார், அம்மாவுக்கு முழங்கால் நோ. லேக் லூயிஸை மலையுச்சியில் இருந்து பார்க்கும் இடத்துக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: போய்வரலாம். நீங்கள் சொல்லும் இடம், பான்ஃப் தேசியப் பூங்காவில் லேக் லூயிஸ் ஏரிக்கு மேலே எழும் பிக் பீஹைவ் என்ற மலை. ஏரிக்கரை கடல்மட்டத்திலிருந்து 1,731 மீட்டர், பிக் பீஹைவ் உச்சி ஏறக்குறைய 2,270 மீட்டர். போகவரப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். மகனுக்கு இது பெரிய காரியம் இல்லை. மகளாலும் முடியும், ஆனால் அவளுடைய நடைக்குத்தான் மற்றவர்கள் நேரத்தைக் கணக்கிட வேண்டும். அம்மாவை ஏற்ற வேண்டாம். அவருக்கும் அந்தக் காட்சியைக் காட்ட வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்பு, ஏரிக்கரைக்கு எதில் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பலருக்கு இந்த நாள் கெடுவது வாகன நிறுத்துமிடத்தில்தான். கரையை ஒட்டிய நிறுத்துமிடம் கோடையிலும் செப்டம்பரிலும் விடியும் முன்பே நிரம்பிவிடும், கட்டணமும் அதிகம். இருட்டில் பிள்ளைகளை எழுப்பி, கான்மோரிலிருந்து 80 கிலோமீட்டர் ஓட்டிப் போய், இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதை ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸில் போங்கள். லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மைதானத்தின் பெரிய நிறுத்துமிடத்தில் வேனை விட்டுவிட்டு அங்கிருந்து ஏற வேண்டும். முன்பதிவு கட்டாயம். கடந்த சில ஆண்டுகளாக இருக்கைகளில் ஒரு பகுதியை ஏப்ரலில் திறக்கிறார்கள். மீதிப் பெரும்பகுதி, பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். அது மலைப்பகுதி நேரம், டொரொன்டோவில் அப்போது 10 மணி. வீட்டிலிருந்தே பதிவு செய்வதென்றால் இந்த இரண்டு மணி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கைத் திறந்து, பெயர்களையும் வயதுகளையும் கையில் வைத்துக்கொண்டு, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே தயாராக இருங்கள். 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இலவசம் என்றாலும் அவர்களுக்கும் இருக்கை பதிய வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்க மறந்துவிட்டுப் பஸ் வாசலில் நிற்பவர்கள் உண்டு.

நான்கு இரவு தங்குவது உங்களுக்குப் பெரிய வசதி. சனி ஞாயிறைத் தவிருங்கள். செவ்வாய், புதன் இரண்டில் எது கிடைத்தாலும் எடுங்கள். மூன்றாம் வாரம் என்கிறீர்களே, அதுதான் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் சமயம். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் இது. செப்டம்பர் கடைசி இரண்டு வாரங்களில் ஊசிகள் மஞ்சளாகி, பிறகு மொத்தமாக உதிர்ந்துவிடும். அதைப் பார்க்க கல்கரி முழுவதும் திரண்டு வரும். பெரும்பாலோர் அருகிலுள்ள இன்னொரு ஏரியான மொரெய்ன் லேக் பக்கம்தான் ஓடுவார்கள். அந்தச் சாலையில் 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அனுமதியே இல்லை என்பதால் அதன் பஸ் இருக்கைகள் நொடியில் தீரும். லேக் லூயிஸ் இருக்கை அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். நீங்கள் போகும் பாதையின் மேல்பகுதியிலும் லார்ச் மரங்கள் நிறைய உண்டு. ஆகவே மொரெய்ன் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

பஸ் கட்டணம் வேறு, தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. குடும்பப் பாஸ் ஒன்று எடுத்தால் ஒரே வாகனத்தில் வரும் ஏழு பேர் வரை செல்லும். ஆறு பேருக்கு அது போதும்.

இனிப் பாதை. காலை 8 முதல் 9 மணி வரையிலான பஸ்ஸைப் பிடித்தால் 9 மணி அளவில் கரையில் இருப்பீர்கள். ஏரியைப் பார்த்து நின்றால் வலது பக்கம், ஷாட்டோ ஹோட்டலைத் தாண்டியதும் காட்டுக்குள் ஏறும் பாதை பிரிகிறது. முதல் இரண்டரை கிலோமீட்டர் அடர்ந்த மரங்களுக்கிடையே ஒரே சீரான ஏற்றம். மரங்களின் இடைவெளியில் ஏரியின் நீலப்பச்சை அவ்வப்போது தெரியும், மற்றபடி காட்சி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சலித்துக்கொள்வது இங்கேதான். மகள் முன்னால் நடக்கட்டும், அவளைத் தாண்டி யாரும் போகாதீர்கள். முதல் அரைமணியில் மகன் வேகம் காட்டினால் அவளுக்கு மூச்சு வாங்கும். டொரொன்டோ கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம்தான். 1,700 மீட்டருக்கு மேல் ஏறும்போது உங்களுக்கும் வழக்கத்தைவிட மூச்சு வாங்கும். அது இயல்பு, பயப்பட ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். குதிரைகளும் இந்த வழியில் வரும். வந்தால் ஓரமாக ஒதுங்கி, சத்தம் போடாமல் நில்லுங்கள்.

காடு விலகும் இடத்தில் மிரர் லேக் என்ற சின்ன வட்டக் குளம். அதன் பின்னால் பிக் பீஹைவின் பாறைமுகம் நேராக எழுந்து நிற்கும். பத்து நிமிடம் உட்காருங்கள், ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். இங்கே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போகும் வழிதான் உங்களுடையது. இன்னும் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சிறு அருவி, அதன் பக்கத்தில் மரப்படிகள், ஏறினால் லேக் ஆக்னஸ். கரையிலிருந்து இதுவரை மூன்றரை கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம், உங்கள் மகளோடு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேக் ஆக்னஸ் கரையில் ஒரு தேநீர் இல்லம் இருக்கிறது. கனடியன் பசிபிக் ரயில் நிறுவனம் 1901இல் கட்டிய குடில், 1905 முதல் தேநீர் தருகிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் பின்னால் புதுப்பித்துக் கட்டியது. மின்சாரம் கிடையாது. மாவு, சர்க்கரை போன்ற கனமான சரக்கு பருவத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வரும், மற்றதைப் பணியாளர்கள் முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் பதினொரு மணிக்கு அங்கே வரிசை ஒரு மணி நேரம்கூட நீளும். நேராக அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள். முதலில் உச்சிக்குப் போங்கள். திரும்பி வரும்போது வரிசை குறைந்திருந்தால் உட்காரலாம், நீண்டிருந்தால் விட்டுவிடுங்கள். கனேடியப் பணம் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது.

நாளின் முக்கியமான முடிவை எடுக்க வேண்டியது இங்கே. இந்த இடத்திலிருந்து இரண்டு உச்சிகளுக்கு வழி பிரிகிறது. பிக் பீஹைவ் போக லேக் ஆக்னஸைச் சுற்றி மறுமுனைக்குப் போய், கொடிபோல் வளைந்து வளைந்து ஏறும் செங்குத்தான பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் நடக்க வேண்டும். அந்தச் சரிவு வடக்கு நோக்கியது, வெயில் குறைவாகவே படும். செப்டம்பரில் ஒரு நாள் பனி பெய்தால் மற்ற இடங்களில் உருகிய பிறகும் அங்கே இறுகிக் கிடக்கும். மேலே மரத்தாலான ஒரு சிறு மண்டபம், அதற்கு முன்னால் கைப்பிடிச் சுவர் ஏதும் இல்லாத பாறை விளிம்பு. 500 மீட்டருக்கு மேல் கீழே லேக் லூயிஸ். மகளின் கையைப் பிடித்த பிடி விடாமல்தான் அங்கே நிற்க முடியும். லிட்டில் பீஹைவ் எதிர்ப்பக்கம். ஒரு கிலோமீட்டர் அளவு, ஏற்றமும் மென்மை, லார்ச் மரங்களுக்கு நடுவே போகும் பாதை. லேக் லூயிஸும் தெரியும், போ (Bow) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கும் தெரியும். ஏரியின் காட்சியை மரங்கள் கொஞ்சம் மறைக்கும் என்பதுதான் குறை.

என் யோசனை இது. முழுக் குடும்பமாக ஏறுகிறீர்கள் என்றால் லிட்டில் பீஹைவ். லார்ச் பருவத்தில் பெரியதைவிட இதையே நான் விரும்புவேன். தரை உலர்ந்திருந்து, மகனுக்கு இன்னும் தெம்பு இருந்தால், நீங்களோ மனைவியோ ஒருவர் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு பிக் பீஹைவ் ஏறலாம், மற்றவர் மகளோடு லிட்டில் பீஹைவ். இரண்டு அணியும் பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் சரி. மலையில் இருக்கும்போது கைபேசியை நம்ப முடியாது என்பதால் இதைக் கீழேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பாதை வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி முன்னிரவே இறக்கி வையுங்கள்.

பிக் பீஹைவ் உச்சியில் நின்றால் ஏரி காலடியில் கிடப்பதுபோல் தோன்றும். நேராக இறங்கிவிடலாம் என்று அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவே கூடாது. அது பாறைச் சுவர். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். இறக்கத்தில்தான் முழங்காலுக்கு வேலை அதிகம், ஊன்றுகோல் ஒன்று இருந்தால் பெரியவர்களுக்கு உதவும்.

இனி அப்பா, அம்மா. கரையை ஒட்டியே இரண்டு கிலோமீட்டர் சமதளப் பாதை ஏரியின் மறுமுனை வரை போகிறது. விரும்பிய இடத்தில் திரும்பலாம், உட்கார இடம் உண்டு, கழிப்பறை உண்டு. அம்மாவுக்கு அது தாராளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் காலைக் குளிர் கடுமையாக இருக்கும். செப்டம்பர் பின்பாதியில் விடியலில் உறைநிலைக்கு அருகில் போய், மதியம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு ஏறும். கையுறை, காது மூடும் தொப்பி, கனமான காலுறை மூன்றும் வேண்டும். குளிர் தாங்கவில்லை என்றால் ஹோட்டலுக்குள் போய்ச் சூடாக ஏதாவது குடிக்கலாம். மருந்துகளை வேனில் விடாமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டரை மணிக்கு இந்த இடத்தில் சந்திப்போம் என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். அப்பாவுக்கு ஏற ஆசை இருந்தாலும் அம்மாவைத் தனியே விட வேண்டாம்.

அம்மாவுக்கான காட்சி பிற்பகலில். நீங்கள் வேனை விட்ட பனிச்சறுக்கு மைதானத்திலேயே கோடைக்கால கொண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும் ஊர்தி, ஓடுகிறது. மூடிய பெட்டியில் உட்கார்ந்தபடி 2,000 மீட்டருக்கு மேல் ஏறலாம். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் லேக் லூயிஸும் அதன் பின்னால் விக்டோரியா மலையின் பனியாறும் ஒரே பார்வையில் தெரியும். திறந்த நாற்காலிகளும் வரும், மூடிய பெட்டிக்காகக் காத்திருங்கள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினால் ஆறு பேரும் சேர்ந்து போகலாம். கடைசியாக எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்கள் என்பதைக் காலையிலேயே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து திரும்பும் பஸ்ஸுக்கு வரிசையில் வந்தவர்களுக்கே முதல் இடம், பிற்பகலில் அந்த வரிசை நீளும்.

கரடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கிரிஸ்லியும் கருங்கரடியும் வாழும் காடு இது. கரடியை விரட்டத் தெளிக்கும் பியர் ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது. கான்மோரில் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். இடுப்பில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை. பூட்டு எப்படி விலகுகிறது என்று கடையிலேயே கேட்டுப் பழகுங்கள். பேசிக்கொண்டு, கூட்டமாக நடந்தால் பெரும்பாலும் அவையே ஒதுங்கிவிடும். கண்டால் ஓடக் கூடாது, குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். பான்ஃப் நகருக்கும் போவீர்கள் என்றால், செப்டம்பர் எல்க் மான்களின் இணைசேரும் காலம். ஆண் எல்க் பாய்ந்து முட்டும். படம் எடுக்க அருகில் போகாமல் 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, பருத்தி வியர்வையில் நனைந்தால் உச்சிக் காற்றில் உடம்பு விறைத்துவிடும். விரைவில் உலரும் சட்டை, அதன்மேல் கம்பளி, அதற்குமேல் மழைக்காப்பு என்று கழற்றி மாட்டும்படி போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். முந்தைய நாள் பனி பெய்திருந்தால், காலணியில் மாட்டும் இரும்புப் பல் பட்டைகளைக் கான்மோரில் வாடகைக்கு எடுங்கள். அவை கிடைக்காவிட்டால் லேக் ஆக்னஸோடு திரும்பிவிடுங்கள்.

சாப்பாடு தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். தங்குமிடத்தில் சமையல் வசதி இருந்தால் ரொட்டியும் சம்பலும் மிக நல்ல மலைச் சாப்பாடு. கசங்காது, ஆறினாலும் சுவை போகாது. குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம், சிந்தினால் துடைத்தெடுக்க முடியாது. கச்சான், பேரீச்சம்பழம் பிள்ளைகளின் பையிலேயே இருக்கட்டும். தேநீர் இல்லத்தைச் சுற்றி அணில்களும் ஜே பறவைகளும் மேசை வரை வரும். மகள் ஒரு துண்டு கொடுக்க ஆசைப்படுவாள். தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். மனிதர் தின்பண்டத்துக்குப் பழகிய விலங்கு பிறகு பைகளைக் கிழிக்கத் தொடங்கும். தோல், எலும்பு, காகிதம் எல்லாவற்றையும் வாய் கட்டக்கூடிய பை ஒன்றில் போட்டுக் கீழே கொண்டுவந்து, கரடி திறக்க முடியாத மூடியுள்ள தொட்டிகளில் போடுங்கள். மிச்சச் சாப்பாட்டை வேனில் எடுத்து வைத்தால் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டுத்தான் கொண்டோலாவுக்குப் போங்கள்.