கட்டணம் கேட்கும் ஆய்வுக் கட்டுரைகள்: முறையான வழியில் படிப்பது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வெளிநாட்டு நிதியுதவியில் நடந்த குடிநீர்த் திட்டங்கள் பற்றியது என் ஆய்வு. எனக்கு வேண்டிய கட்டுரைகளில் பல, சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, முழுவதையும் படிக்க முப்பது டாலருக்கு மேல் கேட்கின்றன. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் தம்பிக்கு வானியற்பியல் கட்டுரைகள் தேவைப்படுகின்றன. ஒரு பிரவுசிங் சென்டரில், கட்டுரைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அப்படி வாங்கலாமா? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளை நம்பி ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாமா?

பதில்: முப்பது டாலரும் வேண்டாம், ஐம்பது ரூபாயும் வேண்டாம். பிரவுசிங் சென்டரில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளைத் தரும் சை-ஹப் போன்ற தளங்களிலிருந்துதான் இருக்கும். அத்தளத்தின் மீது பெரும் பதிப்பகங்கள் 2020-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துள்ளன. அது ஒருபுறமிருக்க, முறையாகவே கிடைக்கும் ஒன்றை எதற்காக ஐம்பது ரூபாய் கொடுத்துக் குறுக்கு வழியில் வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி. பதிப்பகம் கேட்கும் முப்பது டாலரில் கட்டுரையை எழுதியவருக்கோ, அதை ஊதியமின்றி மதிப்பிட்டுக் கொடுத்த நடுவருக்கோ பொதுவாக ஒரு காசும் போவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

முதலில் உங்கள் நிலையைப் பார்ப்போம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கி, எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ் உள்ளிட்ட 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதே அதன் ஏற்பாடு. மாநில அரசின் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இதற்குள் வருகின்றன. பகுதிநேர ஆய்வாளர் என்பதால் நீங்கள் வெளியாள் ஆகிவிடமாட்டீர்கள். பதிவு செய்த ஆய்வாளர் என்ற முறையில் பல்கலைக்கழக நூலகத்தில் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்காமலே நான்கைந்து ஆண்டுகளை ஓட்டிவிடும் பகுதிநேர ஆய்வாளர்கள் ஏராளம்.

நூலகத்தில் கேட்க வேண்டியது இரண்டு. வளாகத்தின் இணைய இணைப்பில் எந்தெந்தப் பதிப்பகங்கள் திறக்கின்றன என்பது ஒன்று. வீட்டிலிருந்தே நுழைய இன்ஃபெட் கணக்குத் தருவார்களா என்பது இன்னொன்று. இன்ஃபெட் என்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் நுழைவு ஏற்பாடு. அந்தக் கணக்கு இருந்தால், பதிப்பகத்தின் தளத்தில் நிறுவனத்தின் வழியாக நுழைவதற்கான பொத்தானை அழுத்தி, நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஏற்காட்டில் இருந்தபடியே உள்ளே போகலாம். கணக்குக் கைக்கு வரும்வரை, வேண்டிய கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி அடையாள எண்) மலையிலேயே பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, வழிகாட்டியைப் பார்க்கக் கருப்பூர் வளாகத்துக்கு இறங்கி வரும் நாளில் மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதிலும், ஒரே மூச்சில் ஓர் இதழின் ஆண்டுத் தொகுதி முழுவதையும் இறக்க முயன்றால் பதிப்பகம் அந்த நிறுவனத்தின் இணைப்பையே தற்காலிகமாக முடக்கிவிடக்கூடும் என்பதால், தேவையானதை மட்டும் எடுங்கள்.

உங்கள் தம்பியின் கல்லூரி தனியார் கல்லூரி என்பதால் இத்திட்டத்தின் முதற்கட்டத்தில் அது இல்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த துறை வானியற்பியல் ஆயிற்றே; அறிவியல் துறைகளிலேயே கதவுகள் மிக அகலமாகத் திறந்திருப்பது அங்கேதான். 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில், இன்று எழுதப்படும் வானியற்பியல் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை இதழுக்குப் போகும்போதோ அதற்கு முன்னரோ இலவசமாக ஏற்றப்பட்டுவிடுகின்றன. பழையவற்றுக்கு வானியல் கட்டுரைகளைத் தேடித் தரும், நாசா நிதியில் இயங்கும் ஏ.டி.எஸ். தளம் இருக்கிறது; பழைய இதழ்களின் பக்கங்களை ஸ்கேன் செய்தே வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, அமெரிக்க வானியல் சங்கத்தின் ஆய்விதழ்கள் 2022 முதலும், இலண்டன் ராயல் வானியல் சங்கத்தின் மாத ஆய்விதழ் 2024 முதலும் அனைவருக்கும் இலவசமாகிவிட்டன. ஆகவே அவருக்குத் தேவைப்படுவது பணமல்ல, படிக்கும் பழக்கம்தான்.

ஆர்க்கைவில் ஒரு கட்டுரையைத் திறந்தால், சுருக்கத்துக்குக் கீழே 'கமென்ட்ஸ்' என்றொரு வரி வரும். இதழுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று மட்டும் அங்கே இருந்தால், நடுவர் எவரும் இன்னும் அதை ஏற்கவில்லை என்று கொள்ள வேண்டும். வெளியிட ஏற்கப்பட்டது என்றிருந்தால் மதிப்பீடு முடிந்துவிட்டது. பக்கத்தின் அடியில் வி1, வி2 என்று ஒவ்வொரு வடிவமும் ஏற்றப்பட்ட நாளோடு இருக்கும். முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், நடுவர்கள் எங்கே கை வைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். வகுப்பறையில் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

பொருளியலில் நிலைமை சற்று வேறு. கட்டுரை இதழில் வருவதற்கு ஓரிரு ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும் என்பதால், அதன் முந்தைய வடிவத்தை ஆய்வுத்தாள் என்ற பெயரில் வெளியிடுவது அங்கே பல பத்தாண்டு வழக்கம். அந்தத் தாள்களைத் தேட ரெபெக் தளம் உதவும். அமெரிக்காவின் பொருளாதார ஆய்வு நிறுவனமான என்.பி.இ.ஆர். தன் ஆய்வுத்தாள்களை நம்மைப் போன்ற வளரும் நாட்டவருக்கு இலவசமாகவே தருகிறது. உலக வங்கி தன் ஆய்வுகளை 2012 முதல் ஒரே களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் தலைப்புக்கு நான் முதலிடம் தருவது இவற்றுக்குக்கூட அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு சிக்கலுக்காக ஜப்பான் அரசின் பன்னாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஜைக்கா தன் கடன் திட்டங்களுக்கான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளிப்படையாகப் பதிப்பிக்கிறது. அவற்றில் இருக்கும் அட்டவணைகள் முப்பது டாலர் கட்டுரைகள் பலவற்றில் கிடைக்காது. கடன் கொடுத்தவரே எழுதிய மதிப்பீடு என்ற எச்சரிக்கையோடு படித்தால் போதும்.

எந்தத் துறையானாலும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கான கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடியவுடன் முதல் இணைப்பைத் தட்டிவிடாமல், அந்த முடிவின் கடைசி வரியைப் பாருங்கள். 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் தட்டினால், அதே கட்டுரையின் பிரதிகள் எந்தெந்தப் பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் இருக்கின்றன என்று விரியும். அதன் அருகிலேயே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். பலரும் அதை அந்தக் கட்டுரையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. அந்த எண்ணைத் தட்டி, பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

இதுவே நம்பகத்தன்மை பற்றிய உங்கள் கேள்விக்கும் வழி. உங்கள் துறையில் தவிர்க்கவே முடியாத ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நல்ல நிதி, பண, வணிகக் கொள்கைகள் உள்ள நாடுகளில் வெளிநாட்டு உதவி வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று உலக வங்கியின் கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் எழுதியது 1997-இல் ஆய்வுத்தாளாக வந்தது. 2000-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியானது. உதவியை யாருக்குத் தருவது என்ற விவாதத்தில் அது பெரும் செல்வாக்குப் பெற்றது. 2004-இல் அதே இதழில் ஈஸ்டர்லி, லெவின், ரூட்மன் ஆகிய மூவர், 1993-ஓடு நின்றிருந்த தரவை 1997 வரை நீட்டி, விடுபட்ட நாடுகளின் விவரங்களையும் சேர்த்து, அதே முறையில் மறுபடி கணக்கிட்டபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. 1997-ஆம் ஆண்டுத் தாள் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக அதை மட்டும் மேற்கோள் காட்டி, 2004-ஐப் பாராமல் விட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வானியற்பியலிலும் இப்படித்தான். நம் பக்கத்து ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்த வேளையில், அதற்குச் சற்று முன்னரே விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தார்கள். நேச்சர் இதழில் வந்த அவர்களின் கட்டுரை அதை யுரேனஸின் புதிய துணைக்கோளாக விளக்கியது. அதே நிகழ்வை விமானத்தில் பறந்தபடி கண்காணித்த அமெரிக்கக் குழு, கோளின் இருபுறமும் ஒளி மங்கியதைக் கண்டு, அவை வளையங்கள் என்று நிறுவியது. காவலூரின் அவதானிப்பு உண்மையானது, விளக்கம்தான் மாறிற்று. நடுவர் மதிப்பீடு செய்த, உலகின் முன்னணி இதழில் வந்த கட்டுரைக்கே இது நேரும் என்றால், இலவசப் பிரதியா விலைப் பிரதியா என்பதைக் கொண்டு நம்பகத்தன்மையை அளக்க முடியாது.

ஆகவே இலவசப் பிரதியை மேற்கோள் காட்டலாம். ஆனால் எந்த வடிவத்தைப் படித்தீர்களோ அதையே குறிப்பிட வேண்டும். ஆய்வுத்தாளைப் படித்துவிட்டு இதழின் பக்க எண்ணைப் போடுவது கூடாது. இரண்டுக்கும் இடையில் எண்களே மாறியிருக்கும் வாய்ப்பு உண்டு. அட்டவணையை எடுத்தாளும்போதாவது நூலகக் கணக்கின் வழியாக இதழ் வடிவத்தை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

எங்கு தேடியும் கிடைக்காத கட்டுரைகள் சில எஞ்சும். சுருக்கப் பக்கத்தில் ஆசிரியர் ஒருவரின் பெயரருகே கடித உறைக் குறி இருக்கும், அவருக்கு எழுதுங்கள். நீங்கள் யார், எங்கே ஆய்வு செய்கிறீர்கள், எந்தக் கட்டுரை, எதற்காக என்பவற்றை நான்கு வரியில் சொன்னால் போதும், புகழுரை வேண்டாம். தனிப்பட்ட ஆய்வுப் பயன்பாட்டுக்குப் பிரதி அனுப்பப் பல பதிப்பகங்களே ஆசிரியர்களை அனுமதிக்கின்றன. கேட்டவருக்கு அனுப்புவதில் பெரும்பாலோர் மகிழ்ச்சியே அடைகிறார்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் கட்டுரையின் மற்றோர் ஆசிரியருக்கு எழுதுங்கள். அவர் அந்த ஆய்வைக் கையால் செய்த மாணவராகவும் இருக்கலாம். சில வேளைகளில் கட்டுரையோடு தரவுக் கோப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்.