திகதி இல்லாத பழைய கொப்பி

வணக்கம். பறவை பாத்து எழுதின பத்து வருசக் கொப்பியை ஈபேர்டில (eBird, பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இணையத்தளம்) ஏத்த வேணும், ஆனால் பாதிக்குத் திகதி இல்லை, சில இடத்தில வெறும் 'புறா', 'உள்ளான்' எண்டுதான் கிடக்கு எண்டு கேட்டிருந்தீங்கள். கொப்பியை எறிஞ்சுபோடாதேங்கோ!

திகதி தெரியாத இனங்களை ஒரே பட்டியலாக்கி, 1900 ஜனவரி 1 எண்டு போடுங்கோ. ஈபேர்டே சொல்லுற வழி அதுதான். எண்ணிக்கைக்கு எக்ஸ் (X, எத்தினை எண்டு தெரியாது, ஆனால் பாத்தனான் எண்டு அர்த்தம்) போட்டால் காணும். நீங்கள் இதுவரை பாத்த இனங்களின்ர வாழ்நாள் கணக்கில சேர்ந்திடும்.

உள்ளான் எண்டுறது சேத்தில இரை தேடுற பல கரைப்பறவைகளுக்குப் பொதுப் பேர், அதை ஊகிச்சு இனம் எழுதாதேங்கோ. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடிச் சேத்தில மாரிக்கு வாறதுகளைத் தூரத்தில பிரிக்கிறது சரியான கஷ்டம். அதை விட்டிடுங்கோ, திரும்பவும் வரும்.

புறாவை மட்டும் வளவிலயே நிண்டு வடிவாப் பாருங்கோ. வெளிறின சாம்பல் உடம்பு, பிடரியில மெல்லிய கறுப்புக் கோடு எண்டால் கள்ளிப்புறா. கழுத்தில கறுப்புப் பட்டையும் அதுக்குள்ள வெள்ளைப் பொட்டுகளும் எண்டால் புள்ளிப்புறா. புள்ளிப்புறா நாடு முழுக்க இருக்கு. கள்ளிப்புறா எங்கட வறண்ட வடக்குப் பக்கத்துச் சொத்து, தெற்கில இருக்கிறவைக்கு லேசில கிடைக்காது. இண்டைக்குப் பாத்தால் இண்டைய திகதியோடயே எழுதுங்கோ, நேரத்தையும் சேர்த்து.