கேள்வி – பதில்: பிசாரோவின் பங்குக் கணக்கு

வெறும் 168 பேரை வைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் இன்கா பேரரசை ஸ்பானியத் தளபதி பிசாரோ பிடித்தது எப்படி? துப்பாக்கியாலா?
– வாசகி, வெள்ளவத்தை

தொகை சரிதான்: குதிரை வீரர் 62, காலாட்கள் 106. ஆனால் அது 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரில் நின்றவர்களின் கணக்கு. பேரரசைப் பிடித்தவர்களின் கணக்கு அல்ல.

துப்பாக்கிகள் சொற்பம். சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்கவே நேரம் போய்விடும். காரியத்தை முடித்தவை குதிரையும் உருக்கு வாளும் நகரச் சதுக்கத்தின் அமைப்பும்தான். சுற்றிவர நீண்ட மண்டபங்கள், வாசல்களோ குறுகியவை. குதிரைகளை மண்டபங்களுக்குள் ஒளித்துவைத்தார்கள். அரசர் அதவால்பா பல்லக்கில் வந்தார். கூட வந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலானோர் ஆயுதமில்லாதவர்கள். வல்வெர்தே என்ற பாதிரியார் நீட்டிய பிரார்த்தனை நூலை அரசர் எறிந்ததும் பீரங்கி வெடித்தது. வாசல்கள் நெரிசலில் அடைபட, சனம் முட்டிய முட்டில் மதிலொன்று சரிந்தது. அரசர் உயிரோடு வேண்டும் என்பதால், அவர்மீது விழவிருந்த வெட்டைப் பிசாரோ தன் கையில் வாங்கிக்கொண்டார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பெரியம்மை எனக் கருதப்படும் கொள்ளைநோயில் பேரரசர் உவய்னா காபாக் இறந்து, மகன்மார் உவாஸ்கரும் அதவால்பாவும் நாட்டை இரண்டாக்கிச் சண்டையிட்டிருந்தனர். இன்காக்களை வெறுத்த கன்யாரி, உவாங்கா மக்கள் பின்னர் ஸ்பானியர் பக்கம் திரண்டனர். இவர்களை விட்டுவிட்டு எண்ணினால்தான் 168 அதிசயமாகத் தெரியும். கோட்டை அரச குடும்பத்துச் சண்டைக்குள் போர்த்துக்கேயர் புகுந்த கதை தெரிந்த நமக்கு இதில் புதிர் எதுவும் இல்லை.

சிறைப்பட்ட அதவால்பா தன் விடுதலைக்காக அறை நிறையத் தங்கம் கொடுத்தது உண்மையா? எவ்வளவு தேறியது?
– வாசகர், செட்டியார் தெரு

உண்மை. அறை 22 அடி நீளம், 17 அடி அகலம். சுவரில் ஏறத்தாழ 8 அடி உயரத்தில் கோடு போட்டார்கள். ஒருமுறை தங்கம், இருமுறை வெள்ளி என்று பேச்சு. ஆனால் வந்தவை கட்டிகள் அல்ல. குடம், தட்டு, தகடு. இடையெல்லாம் வெற்றிடம். உருக்கியபின் 22 காரட்டில் சுமார் 6,000 கிலோ தங்கமும், 11,800 கிலோவளவு வெள்ளியும் தேறின. அத்தனை தங்கத்தையும் ஒரே கட்டியாக வார்த்திருந்தால் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும்!

உருக்கியவர்களும் உள்ளூர்ப் பொற்கொல்லர்களே. அவர்களுடைய முன்னோரின் வேலைப்பாடு முழுவதும் உலையில் போனது. இந்தக் கொள்ளையில் பெரிய இழப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

ஐந்திலொன்று ஸ்பானிய மன்னருக்கு. குதிரை வீரனுக்கு 41 கிலோ தங்கம் (நம் 8 கிராம் பவுணில் 5,000க்கு மேல்), 82 கிலோ வெள்ளி. காலாளுக்கு ஏறத்தாழ அதில் பாதி. பிசாரோவுக்குக் குதிரை வீரனைப்போல ஏழு மடங்கு, அதற்கு மேல் அரசரின் தங்க ஆசனம். இவ்வளவும் கொடுத்த அதவால்பாவை 1533இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

பிசாரோவைக் கொன்றது இன்காக்களா?
– வாசகர், தெகிவளை

இல்லை, சொந்த நாட்டவர்கள்தான். தியேகோ தெ அல்மாக்ரோ அவருடைய கூட்டாளி. செலவிலும் அலைச்சலிலும் பங்குகொண்டவர். ஆனால் 1529இல் தொலேதோவில் எழுதிய அரச ஒப்பந்தத்தில் ஆளுநர் பதவி பிசாரோவுக்கு, தும்பெஸ் என்ற ஒரே ஊரின் பொறுப்பு அல்மாக்ரோவுக்கு. கஹமார்க்காவுக்கு அவருடைய ஆட்கள் பிந்தி வந்ததால் மீட்புப் பொன்னிலும் சில்லறைதான் கிடைத்தது. பிறகு மன்னர் இருவருக்கும் நாட்டைப் பிரித்தபோது, யாரும் அளந்தே பாராத கரையில் 'லீக்' என்ற பழைய தூர அளவின் கணக்கில் எல்லை எழுதினார். இன்காக்களின் தலைநகரான குஸ்கோ யார் பக்கம் விழுகிறது என்று இருவரும் மோதினர். 1538இல் அல்மாக்ரோவுக்கு மரண தண்டனை. 1541 ஜூன் 26 அன்று அவருடைய மகனின் ஆட்கள் லீமாவில் பிசாரோவை வீடு புகுந்து வெட்டினார்கள்.

அவருடைய உடல் இப்போதும் இருக்கிறதா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

லீமா பேராலயத்தில் எலும்புகள் இருக்கின்றன. 1891 முதல் கண்ணாடிப் பேழையில் காட்டப்பட்ட உலர்ந்த உடல் வேறு யாருடையதோ. 1977இல் நிலவறையில், பிசாரோவின் பெயர் பொறித்த ஈயப்பெட்டியில் மண்டையோடு கிடைத்தது. அதோடு பொருந்திய எலும்புகளில் கழுத்துப் பக்கம் வெட்டுக்காயங்கள் இருந்தன. பேழையிலிருந்த உடலில் அப்படி எதுவும் இல்லை. ஆளை அடையாளம் காட்டியது அதுதான். அவருடைய குதிரைச் சிலையை 2003இல் லீமாவின் மையத்திலிருந்து அகற்றினார்கள். 2025 ஜனவரியில், நகரின் 490ஆவது ஆண்டில், பழைய இடத்துக்கு அருகிலேயே மறுபடி வைத்துவிட்டார்கள்.