பிராய்லர் தீவனத்தில் ருசிகூட்டி: கேள்வி பதில்

பாலக்கோடு: தீவனத்தில் அஜினோமோட்டோ கலந்தால் கோழி நிறைய தின்று எடை கூடும்னு சொல்றாங்க. உண்மையா சார்?

கோழிக்குச் சுவை மொட்டுகள் சில நூறுதான். இனிப்பை உணரும் ஏற்பியே அதற்குக் கிடையாது. ருசிக்காக வெல்லம் கலப்பது வீண். அஜினோமோட்டோவின் சுவையை உணரும். ஆனால் சோயா புண்ணாக்கிலேயே நூற்றுக்கு 8 பங்கு அளவுக்குக் குளூட்டாமிக் அமிலம் (அஜினோமோட்டோவின் மூலப்பொருள்), புரதத்தோடு சேர்ந்து, இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் சரியாகச் சேர்ந்த தீவனத்தில் கூடுதல் பலனை எதிர்பார்க்காதீங்க. புரதம் குறைத்த தீவனமாக இருந்தால் கொஞ்சம் தெரியலாம்.

அரூர்: டன்னுக்கு 5 கிலோ கலந்தேன். தண்ணீர் அதிகமா குடிக்குது, கொட்டகைத் தரையில் பரப்பின கூளம் சொதசொதன்னு ஆயிடுச்சு.

சோடியம்தான் காரணம். அஜினோமோட்டோவில் 12 சதவீதம் சோடியம். நீங்கள் போட்ட 5 கிலோ, ஒன்றரை கிலோ உப்புக்குச் சமம். உப்பைக் குறைக்காமல் அதையும் போட்டிருக்கீங்க. கருவாட்டுத் தூளும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரக் கூளத்தில் அமோனியா கிளம்பும், கண் எரியும், பாதத்தில் புண் வரும். சோடியம் இன்னும் ஏறினால் வயிற்றில் நீர் கோர்த்துச் சாகும். அஜினோமோட்டோவை நிறுத்துங்கள். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். குடிநீரை எக்காரணம் கொண்டும் குறைக்காதீங்க. போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊரில், அதைப் பரிசோதிக்காமல் தீவன உப்பின் அளவை முடிவு செய்யவே கூடாது.

ஊத்தங்கரை: மே மாதம் மதியத்தில் தீனியே எடுக்கலை. ருசிகூட்டி உதவுமா?

உதவாது. அது வெயில். செரிமானத்தில் பிறக்கும் சூட்டைத் தவிர்க்கத்தான் கோழி தின்னாமல் இருக்கு. வற்புறுத்தித் தின்னவைத்தால் சாவு கூடும். காலை 10 மணிக்குத் தீவனத்தட்டைத் தூக்கிவிட்டு, மாலை வெயில் இறங்கியதும் இறக்குங்கள். அதிகாலையில் விளக்கு போட்டுத் தின்ன விடுங்கள். தொட்டிக்கும் குழாய்க்கும் நிழல் வேண்டும்.

தேன்கனிக்கோட்டை: மக்காச்சோளத்தில் லேசா பூசண வாடை. வாசனைப் பொடி கலந்து சமாளிக்கலாமா அண்ணா?

வாடை மறையும், நச்சு மறையாது. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைப் பாதிக்கும், தடுப்பூசியின் பலனையும் கெடுக்கும். ருசிகூட்டியின் மிக மோசமான உபயோகம் இதுதான். அந்த மூட்டையை ஒதுக்குங்கள். இனி வாங்கும்போது ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கான்னு பாருங்கள்.

காவேரிப்பட்டணம்: மாம்பழக் கூழ் ஆலையில் மாங்கொட்டை மலிவா கிடைக்குது. பருப்பை அரைத்துக் கலக்கலாமா? துவர்ப்புக்கு ருசிகூட்டி போட்டால்?

துவர்ப்பு, பருப்பில் உள்ள டானின் என்ற பொருளால் வருவது. அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ருசியை மாற்றினாலும் அந்த வேலையை நிறுத்தாது. பருப்பை ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்து அரையுங்கள். தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், குஞ்சுகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பென்னாகரம்: மிளகாய்த் தூள் போட்டால் கோழிக்குக் காரம் எரியாதா?

எரியாது. அந்த எரிச்சலைப் பறவைகளின் ஏற்பி உணர்வதில்லை.

ஓசூர்: கம்பெனி தீவனத்தில் நாமே கலக்கலாமா?

கூடாது. உப்பு, அமினோ அமிலம் எல்லாம் ஏற்கெனவே கணக்குப் பார்த்துச் சேர்த்தது.

மொரப்பூர்: சொந்தத் தீவனம்தான் சார். பலன் இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

ஒரே கொட்டகையைத் தட்டி வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரே நாள் குஞ்சுகள், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துக்கு மட்டும் டன்னுக்கு 1 கிலோ அஜினோமோட்டோ. அந்தத் தீவனத்தில் உப்பு டன்னுக்கு 300 கிராம் குறைவாக. அஜினோமோட்டோவை முதலில் 10 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 100 கிலோவில், பிறகு மொத்தத்தில். நேரடியாகக் கொட்டினால் ஒரு மூட்டையில் குவியும், மறு மூட்டையில் இருக்காது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். தின்ற தீவனத்தைக் கூடிய எடையால் வகுக்கணும்: 160 கிலோ தின்று 100 கிலோ கூடினால் 1.6. நிறைய தின்றும் இந்த எண் குறையவில்லை என்றால், மருந்துச் செலவு போல ருசிகூட்டிச் செலவையும் கிலோ கறிமேல் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.